கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான் மகன்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது. தரம் 11இல் படிக்கிறான். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையின் வசனப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளை. இந்த முறை உயிர்த்த ஞாயிறன்று காலையில், “நான் கோயிலுக்கு வர மாட்டேன்” என்றான். கணவர் அதட்டினார். “கோயிலுக்குப் போன பிள்ளைகளைத்தானே கடவுள் காப்பாற்றவில்லை” என்று சொல்லிவிட்டான். கணவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்து அவன் ஆராதனைக்கு வருவதில்லை. விசுவாசத்தைச் சபை முன் உறுதிப்படுத்துவதற்கான திடப்படுத்தல் வகுப்பையும் விட்டுவிட்டான். இரவு ஒரு மணி வரை கைபேசியோடு இருக்கிறான். புள்ளிகள் குறைந்துவிட்டன. கணவர் கைபேசியைப் பறித்து ஒரு மாதம் அலுமாரியில் பூட்டி வைத்தார். “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்பதுதான் அவருடைய பதில். நான் ஒவ்வோர் இரவும் குடும்ப ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி அழுது ஜெபிக்கிறேன். அவன் முகம் கல்லாகிவிட்டது. இரண்டு கிழமைக்கு முன் தங்கையிடம், “நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் சண்டையே இருக்காது” என்று சொன்னானாம். அவனை மறுபடியும் ஆண்டவரிடம் கொண்டுவர நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. இங்கே அதைச் சுருக்கித்தான் தந்திருக்கிறோம். கோயில், பரீட்சை, கைபேசி ஆகிய மூன்றைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். மகன் தங்கையிடம் சொன்ன சொல் மட்டும் கடைசியில் ஒரே வரியாக ஒதுங்கி நிற்கிறது. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்றவை ஒரு கிழமை காத்திருக்கலாம். அந்த வரி காத்திருக்கக் கூடாது.

“நான் இல்லாவிட்டால்” என்று ஒரு பிள்ளை சொல்வது சில வேளை வெறும் கோபப் பேச்சாக இருக்கும். சில வேளை அப்படி இருக்காது. எது என்று நீங்களோ நானோ ஊகிக்க வேண்டாம். அவனிடமே கேளுங்கள். இன்றிரவு, தனியாக, கணவரோ தங்கையோ பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். “மகன், நீ இல்லாவிட்டால் சண்டை இருக்காது என்று சொன்னாயாம். தங்கச்சி பயந்துபோய் என்னிடம் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. சாக வேண்டும் என்ற நினைப்பு உனக்கு வருகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாத் தாய்மாரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. தனியாகச் சுமந்தவனுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

அவன் “ஆம்” என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, “அது பாவம்” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. “என்னிடம் சொன்னாயே, அது போதும்” என்று சொல்லி அருகில் இருங்கள். அன்றிரவு அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை, அம்மம்மாவின் பிரஷர் குளிசை உட்பட, எடுத்துப் பூட்டி வையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். அடுத்த நாளே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் வீட்டுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை பக்கம். கொழும்பு தேசிய வைத்தியசாலையும் தூரமில்லை. யாருக்கும் தெரியாமல் பேச வேண்டும் என்று அவன் விரும்பினால் சுமித்ராயோ என்ற அமைப்பு இருக்கிறது. 1974 முதல் இந்த நாட்டில் மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது சொன்னால், ‘பிரியமான வைத்தியனாகிய லூக்கா’ என்று பவுல் எழுதியதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

அவன் “இல்லை அம்மா, கோபத்தில் சொன்னேன்” என்றாலும் கேட்டது வீண் போகாது. அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சில நாள் விட்டு இன்னொரு முறையும் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவனை ஆண்டவரிடம் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எலியாவின் கதையை ஒருமுறை எடுத்து வாசியுங்கள், முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். பெரிய தீர்க்கதரிசி, வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர். ஒரே நாளில் மனம் முறிந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். வாலிப வயதில் நானும் இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அடுத்த வசனம் கண்ணில் பட்டது. தூதன் வருகிறான், புத்தி சொல்லவில்லை. “நீ இப்படிப் பேசலாமா?” என்று கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறார். தூதன் அதற்கும் கோபப்படவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். வழி உனக்குத் தூரம் என்கிறான். “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்று கர்த்தர் கேட்பது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்னர்.

உங்கள் மகனின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்தே கணக்குப் போட்டேன். பாடசாலை வான் ஆறு மணிக்கு முன் வந்துவிடும். எழுவது ஐந்து மணிக்கு. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு, வீட்டுக்கு வந்து ஏதோ வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு வகுப்பு. எட்டரைக்கு வீடு. பிறகு சாப்பாடு, குடும்ப ஜெபம், வீட்டு வேலை, அதன்பின் ஒரு மணி வரை கைபேசி. தூங்குவது நான்கு மணி நேரம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடத் தொடங்குகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு எழுப்பும் நாம்தான் அந்த உடலோடு மல்லுக்கு நிற்கிறோம். நான்கு மணி நேரம் தூங்கும் பிள்ளைக்குப் பாடம் மனத்தில் நிற்காது, எரிச்சல் வரும், உலகமே இருண்டு தெரியும். விசுவாசம் போய்விட்டதா என்று தேடுவதற்கு முன் தூக்கத்தைத் தேடுங்கள். இரண்டு வகுப்புகளில் ஒன்றை நிறுத்த முடியுமா என்று கணவரோடு பேசுங்கள். பரீட்சை நெருங்கும்போது வகுப்பை நிறுத்தச் சொல்கிறாரே என்று நீங்கள் திகைப்பது எனக்குத் தெரிகிறது. தூங்கிய மூளையில்தான் படித்தது தங்கும். என் சொல்லை நம்புங்கள்.

அடுத்தது கன்னத்தில் விழுந்த அந்த அறை. அதை நான் தாண்டிப் போக முடியாது.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, ஏப்ரல் 21ஆம் திகதி, உங்கள் மகனுக்குப் பத்து வயது. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்ததை அவன் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான். 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள், ஞாயிறு வகுப்பு முடிந்து வந்து நின்றவர்கள். உங்கள் மகனும் அந்த வயதில் ஞாயிறு பாடசாலைக்குப் போனவன். வசனம் சொல்லிப் பரிசு வாங்கியவன். அந்தப் பிள்ளைகளின் இடத்தில் அவன் தன்னை வைத்துப் பார்த்திருக்க மாட்டானா? அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. பாடசாலைகள் திறந்தபோது வாசலில் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அடுத்த ஆண்டு கொரோனா வந்து பாடசாலையையே மூடிவிட்டது. 2022இல் எரிபொருள் வரிசை, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. பத்து வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் இந்தத் தலைமுறை இத்தனையையும் கடந்து வந்திருக்கிறது. நாம் போரைப் பார்த்தவர்கள், அதனாலேயோ என்னவோ, “இதெல்லாம் ஒரு கஷ்டமா?” என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளையின் பயத்தை நம் பயத்தோடு ஒப்பிட்டு எடை போடுவது நியாயமில்லை.

ஆறு ஆண்டுகளாக அந்தக் கேள்வி அவனுக்குள் கிடந்திருக்கிறது. அது உயிர்த்த ஞாயிறன்று வெளியே வந்ததில் எனக்கு வியப்பே இல்லை. வேறு எந்த நாளில் வரும்? அன்று அவன் கடவுளைப் பழித்தான் என்று உங்கள் கணவர் எண்ணினார். எனக்கு அது பழிப்பாகக் கேட்கவில்லை. சங்கீதக்காரர், “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று பாடுகிறார். அதை நாம் ஆலயத்தில் எழுந்து நின்று வாசிக்கிறோம். அதே கேள்வியை நம் பிள்ளை சாப்பாட்டு மேசையில் கேட்டால் கன்னத்தில் அறை விழுகிறது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். என் மூத்த மகள் பதினைந்து வயதில், நோயுற்றிருந்த தன் தோழிக்காக ஒரு வருடம் ஜெபித்தாள். தோழி இறந்துவிட்டாள். “ஏன் அப்பா?” என்று கேட்டபோது நான் ரோமர் 8:28ஐச் சொன்னேன், சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கிறது என்று. அது உண்மையான வசனம். ஆனால் அன்று அவள் கேட்டது அதையல்ல. அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அவள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நான் அவளை அடிக்கவில்லை. வசனத்தால் வாயை மூடினேன்.

தோமாவை நினைத்துப் பாருங்கள். மற்றச் சீடர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்கிறார்கள். தோமா, காயத்தில் விரலை இட்டால்தான் நம்புவேன் என்கிறார். எட்டு நாள் கழிகிறது. அந்த எட்டு நாளும் யாரும் தோமாவை வெளியே தள்ளவில்லை; ஆண்டவர் வரும்போது அவர் மற்றவர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். வந்தவர் காயங்களைத்தான் காட்டுகிறார். உங்கள் வீடு அந்த எட்டு நாள் வீடாக இருக்க வேண்டும். அது எட்டு மாதமானாலும் சரி.

அவனுடைய கேள்விக்கு உங்களிடம் விடை வேண்டும் என்பதில்லை. என்னிடமும் இல்லை. “எனக்கும் தெரியவில்லை மகன். அன்று நானும் அழுதேன், பயந்தேன்” என்று நீங்கள் சொன்னால் அவன் உங்களை மறுபடியும் ஏறிட்டுப் பார்ப்பான். கணவரிடமிருந்து அவனுக்கு வேறொன்று வேண்டும்: “அன்று உன்னை அடித்தது என் தவறு” என்ற சொல். “ஆனால் நீயும்...” என்று தொடரக் கூடாது. அத்தோடு நிறுத்த வேண்டும்.

நீதிமொழியை உங்கள் கணவர் சரியாகத்தான் மேற்கோள் காட்டுகிறார். அது வேதத்தில் இருக்கிறது. அந்த வசனத்தின் பிற்பகுதி அன்பைப் பற்றிப் பேசுகிறது என்பதையும், அறைவதற்கும் சிட்சிப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தையும் அவரோடு நேரில் பேச விரும்புகிறேன். கொலோசெயர் 3:21 அதே வேதத்தில் தகப்பன்மாரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறது: “பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்.” திடனற்றுப்போதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். சபை பிள்ளையைத் திடப்படுத்த வகுப்பு வைக்கிறது. வீடு அவனைத் திடனற்றவனாக்கினால் அந்த வகுப்பில் அவன் எப்படி உட்காருவான்? உங்கள் மகன் திடப்படுத்தலை விட்டதில் ஒரு நேர்மையையும் நான் காண்கிறேன். நம்பாத உறுதிமொழியை ஊருக்காக எல்லார் முன்னும் சொல்ல அவன் விரும்பவில்லை. அடுத்த ஆண்டும் வகுப்பு நடக்கும்.

உங்கள் ஜெபத்தைப் பற்றி எழுதுவதற்குத்தான் எனக்கு அதிகம் தயக்கம். தாயின் கண்ணீரில் நான் குறை காண வரவில்லை. ஆனாலும் அந்த ஜெபத்தை அவன் இருக்கும் இடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். “ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும், இவன் வழிதவறிப் போகிறான்” என்று தாய் அழுகிறாள்; தங்கை பக்கத்தில் முழங்காலில் நிற்கிறாள்; அவன் எழுந்து போகவும் முடியாது, மறுத்துப் பேசவும் முடியாது. அவன் காதில் அது கண்களை மூடிக்கொண்டு சொல்லும் ஏச்சு. அதைக் கடவுளின் முன்னால் வைத்து ஏசுவதால் கடவுளும் தனக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பதாகவே அவனுக்குத் தோன்றும். அவனுக்காக அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள். அந்தரங்கத்தில் இருக்கும் பிதாவுக்குக் கேட்கும். குடும்ப ஜெபத்தைச் சுருக்குங்கள். அவன் பெயர் அதில் வந்தால் நன்றியோடு மட்டும் வரட்டும்: இன்று தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பதற்காக, மாடிப்படியில் பக்கத்து வீட்டு ஆன்ரியின் பையைத் தூக்கி வந்தான் என்பதற்காக. இப்படிப்பட்ட ஒன்றை ஒவ்வொரு நாளும் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நீங்கள் அவனைப் பகல் முழுவதும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டி வரும். நான் உங்களிடம் கேட்பது அந்தக் கண்ணைத்தான்.

இப்போது கோயில். கட்டாயப்படுத்தி இழுத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் முடிவு. உங்கள் குருவானவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். என்னோடு வேலை செய்பவர்களிலும் ‘வீட்டில் இருக்கும்வரை வந்துதான் ஆக வேண்டும்’ என்பவர்கள் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தும். பதினாறு வயதில், அறை வாங்கிய பிறகு, இழுத்துப் போனால் உடம்பு மட்டும்தான் வாங்கில் உட்கார்ந்திருக்கும். ஆராதனைக்குப் பதிலாக ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் திரும்பி வந்ததும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், எந்தக் கைபேசியும் இல்லாமல், பரீட்சையைப் பற்றிய பேச்சும் இல்லாமல். வாலிபர் கூட்டத்தை நடத்தும் அண்ணாமாரில் அவனுக்குப் பிடித்த ஒருவர் இருந்தால், அவரிடம் சொல்லிக் கிரிக்கெட் ஆடக் கூப்பிடச் சொல்லுங்கள். வேதத்தைப் பற்றி அவர் பேச வேண்டியதில்லை. இன்னொன்று: ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைக்கு நம் வேதாகமத் தமிழ் கடினம். ‘சூரைச்செடி’ என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சலிப்பு என்று நாம் நினைக்கும் பல இடங்களில் புரியாமைதான் உட்கார்ந்திருக்கிறது.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தின் நடுவில், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக அவனை ஞாயிறு பாடசாலையிலிருந்து ஒரு வருடம் நிறுத்தி ஞாயிறு காலை வகுப்புக்கு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். ‘பரீட்சைக்காகத்தானே’ என்று நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள். ஞாயிறு காலையில் தனியார் வகுப்புகளை நிறுத்துங்கள் என்று இந்த நாட்டின் மதத் தலைவர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். அந்த வகுப்புகளை நிரப்புவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பரீட்சை வந்தால் ஆராதனை விலகி நிற்கும் என்ற பாடத்தை அவன் ஒன்பது, பத்து வயதில் நம்மிடமே கற்றான். இதை நான் உங்களைக் குற்றவாளியாக்க எழுதவில்லை. கொழும்பில் இப்படிச் செய்யாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரத்தின் இசட் புள்ளி வரை அந்த ஓட்டம் எப்படித் துரத்தும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ‘ஆண்டவரைவிட உனக்கு அந்தக் கைபேசி பெரிதா?’ என்று அவனிடம் கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மறந்திருக்க மாட்டான்.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு மாதம் பூட்டி வைத்தது பயன்படவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். வகுப்புக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. நண்பர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைப் பறித்தபோது அவனுடைய தெருவையே பறித்துவிட்டீர்கள். இனி இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும் முன்னறை மேசைக்கு வரட்டும். கணவர் படுக்கையில் அரசியல் காணொளிகள் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அவருடைய கைபேசிதான் முதலில் அங்கே வர வேண்டும். அவனுக்குத் தெரியாமல் அவன் செய்திகளைப் படிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் உண்மையாகவே அஞ்சினால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும், பார்த்தேன் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கணவருக்கும் மகனுக்கும் இடையில் நீங்கள் தூது போகாதீர்கள். மாலையில் இருவரும் மரைன் டிரைவ் வழியாக அரை மணி நேரம் நடக்கட்டும், கிழமைக்கு ஒரு தடவை போதும். முகத்துக்கு முகம் பார்த்து உட்காரும்போது வராத பேச்சு, கடலைப் பார்த்தபடி பக்கத்தில் நடக்கும்போது வரும். ஆண் பிள்ளைகளிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றுமே பேசாமல் திரும்பினாலும் பரவாயில்லை. ரயில் போகும் சத்தத்தில் பேச்சு நிற்பதுகூட இருவருக்கும் ஓர் ஆறுதலாக இருக்கும்.

இன்றிரவு எட்டரை மணிக்கு அவன் வகுப்பு முடிந்து வருவான். அவனுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், இடியப்பமும் சொதியும் என்றாலும் போதும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்க வேண்டாம். இன்று குடும்ப ஜெபத்தை விட்டுவிடுங்கள். பிறகு அவனுடைய அறைக்குப் போய், நான் மேலே எழுதிய கேள்வியைக் கேளுங்கள். அவன் பதில் எதுவானாலும் கணவரிடம் இரவே சொல்லுங்கள். இந்தப் பதிலை அவரும் வாசிக்கட்டும், ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு, மகனின் கண்ணில் படாமல். அவர் என்னோடு பேச விரும்பினால் உங்கள் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவருக்கு ஏற்ற நாளில் நேரம் ஒதுக்குகிறேன்.